வீடு பார்க்க வருகிறவர்கள்

உடுவிலில் இருந்த எங்கள் வீட்டை விற்பதென்று முடிவெடுத்தது யார் என்று யாராவது கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. கனடாவில் இருக்கும் அக்கா என்னைக் கைகாட்டுகிறாள். நான் அக்காவைக் கைகாட்டுகிறேன். என் கணவர், தன்னுடைய முழங்கால் முடிவெடுத்தது என்கிறார்.

அம்மா அந்த வீட்டை எங்கள் இருவர் பெயரிலும் எழுதிவிட்டுப் போனவர். அக்கா போர்க்காலத்தில் புறப்பட்டுப் போனவள். அதன்பிறகு ஒரே ஒரு தடவை அம்மாவின் செத்தவீட்டுக்கு வந்து ஆறு நாள் நின்றாள். நான் அந்த வீட்டிலேயே கல்யாணம் கட்டி, அங்கிருந்தே தபாற்கந்தோருக்கு வேலைக்குப் போய், ஓய்வும் பெற்றேன். ஒரே மகள் ஜேர்மனியில். ஐந்து அறையும் எட்டுப் பரப்பு வளவும் கொண்ட வீட்டில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர். வளவு கூட்டி முடிய மத்தியானமாகிவிடும். திருநெல்வேலியில் பஸ் ஓடும் வீதிக்குக் கிட்ட ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருந்தோம். இதுவரைக்கும் எல்லாம் எனக்குத் தெளிவாகத்தான் இருந்தது.

சுன்னாகத்திலிருந்து ஒரு புறோக்கர் வந்தார். நாற்பது வயதிருக்கும். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு அறை அறையாகப் போய்ப் பார்த்தார். குசினிக்குள் அடுப்படியில் நின்று மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு விறாந்தைக்கு வந்து கதிரையில் இருந்து சொன்னார்.

"அன்ரி, வீடு நல்ல வீடு. ஆனால் உங்கடை வீடாய்க் கிடக்கு."

"எங்கடை வீடுதானே தம்பி."

"அதுதான் பிரச்சினை. வாறவைக்குத் தங்கடை வீடு மாதிரித் தெரிய வேணும். உங்கள் ரெண்டு பேரையும் இதுக்குள்ளை காணக்கூடாது."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தன் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கதிரைக்குக் கீழே ஒளித்து வைத்தார்.

அன்று பின்னேரமே அக்காவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு இந்த விஷயத்தில் நிறையத் தெரிந்திருந்தது. ரொறன்ரோவில் அவளுடைய சிநேகிதி ஒருத்திக்கு வேலையே விற்கப்போகும் வீடுகளைச் சோடித்துக் கொடுப்பதுதானாம். மறுநாளிலிருந்து என் போனில் அக்காவின் குரல்பதிவுகள் வரத் தொடங்கின. படங்களை எல்லாம் கழற்று. சாமிப்படத்தையும் கழற்று. அலுமாரியில் பாதி உடுப்புத்தான் இருக்கவேண்டும். மேசையில் ஒரு கிண்ணத்தில் பச்சை அப்பிள் வை. மீன் காய்ச்சாதே, மணம் நிற்கும்.

புறோக்கரோ, சாமியறைதான் வீட்டுக்கு லட்சணம், விளக்கைக் கொளுத்தி வையுங்கோ என்றார். பாதி அலுமாரி வெறுமையாக இருந்தால் இல்லாதவர்கள் வீடு என்று நினைப்பார்கள், நிரப்பி வையுங்கோ என்றார். என் கணவர் பிள்ளையார் படத்தைக் கையில் பிடித்தபடி கூடத்தின் நடுவில் நின்றார்.

"இஞ்சாரும், இதை மாட்டுறதோ, கழட்டுறதோ?"

கடைசியில், புறோக்கர் வரும்போது மாட்டுவது, அக்கா வீடியோவில் வரும்போது கழற்றுவது என்று முடிவெடுத்தோம். ஒரு கிழமைக்குள் பிள்ளையார் நாலு தடவை இறங்கி ஏறினார்.

பெயின்ற் அடிக்க ஒருவர் வந்தார். முன்சுவரில், யன்னலுக்குக் கீழே, ஷெல் துண்டுகள் பட்ட குழிகள் ஏழெட்டு இருந்தன. அவற்றில் ஒன்று என் பெருவிரல் போகும் அளவு ஆழம். ஒவ்வொரு முறை வெள்ளையடித்தபோதும் அவற்றை அப்படியே விட்டுத்தான் அடித்திருந்தோம். வேண்டுமென்று விட்டோமா, கவனிக்காமல் விட்டோமா என்று தெரியாது.

"இதையும் அடைக்கிறதோ?" என்று அவர் கேட்டார்.

என் கணவர் "ஓம்" என்றார். அதே நேரத்தில் நான் "வேண்டாம்" என்றேன். பெயின்ற் அடிக்க வந்தவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் வேண்டாம் எண்டுறீர்?" என்று கணவர் கேட்டார்.

அந்தக் குழிகளை நான் ஒருநாளும் விரும்பிப் பார்த்ததில்லை. அவற்றில் குளவி கூடு கட்டும், விளக்குமாற்று ஈர்க்கால் குத்தித் தள்ளுவேன், அவ்வளவுதான். "சரி, அடையுங்கோ" என்றேன். அரை மணித்தியாலத்தில் சுவர் மொழுமொழு என்று ஆகிவிட்டது.

அடுத்தது பின்னறை. அங்கே அக்காவின் பெட்டி ஒன்றும் தையல் மெசினும் அவள் போன நாளிலிருந்து கிடந்தன. அவள் தொடாதே என்று சொல்லிவிட்டுப் போனவள் என்பதால் நான் தொட்டதில்லை. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது வீட்டில் பாதிச் சாமான் காணாமல் போயிருந்தது, ஆனால் அந்த மெசின் நின்ற இடத்திலேயே நின்றது.

"அக்கா, உன்ரை பெட்டியையும் மெசினையும் என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"எறி. எல்லாத்தையும் எறி. இனி நான் என்னத்துக்கு அதுகளைக் கட்டிக்கொண்டு அழப்போறன்?"

பெட்டிக்குள் இரண்டு சேலை, படித்த காலத்துக் கொப்பிகள், ஒரு கால் செருப்பு. மற்றக் கால் இல்லை. கொப்பிகளை எரித்தேன். மெசினை இரண்டு ஒழுங்கை தள்ளிப் பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிற ஒரு பெண்ணுக்குக் கொடுத்தேன். அவர் எண்ணெய் விட்டு மிதித்துப் பார்த்து, நல்லாய் ஓடுது என்று சந்தோசமாகச் சொன்னார்.

புறோக்கர் தன் வீட்டுச் மெத்தைச் செற்றியை லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் கூடத்தில் போட்டார். எங்கள் பழைய கதிரைகள் மாட்டுக்கொட்டிலுக்குப் போயின. பச்சை அப்பிள் கிடைக்காததால் கொய்யாப்பழம் வைத்தோம். என் கணவர் ஒவ்வொரு நாளும் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றவற்றைப் பரப்பி வைப்பார்.

எல்லாம் முடிந்த அன்று காலையில் குசினிக்குள் போய் உப்பைத் தேடினேன். பத்து நிமிஷம் தேடியும் கிடைக்கவில்லை. கதவுத் திறப்பைக் கொளுவும் ஆணிக்குக் கையைக் கொண்டுபோனேன், அங்கே வெறும் சுவர். கூடத்துக்கு வந்து செற்றியின் நுனியில் இருந்தேன். வீடு நல்ல வடிவாக இருந்தது. என் குழப்பமே அங்கேதான் தொடங்கியது. வடிவில்லாமல் போயிருந்தால் கோபித்திருக்கலாம். இத்தனை வருடம் இருந்தபோது இதை ஏன் நாங்கள் இப்படி வைத்திருக்கவில்லை? யாரோ முன்பின் தெரியாதவர்கள் அரை மணித்தியாலம் பார்க்க வருவதற்காக யன்னல் எல்லாவற்றையும் கழுவியிருந்தோம். எங்களுக்காக ஒருநாளும் கழுவியதில்லை. விற்கத்தான் வேண்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். என் கணவர் முந்திக்கொண்டார். "இந்த வெளிச்சம் முந்தியும் இருந்ததோ?"

முதலில் இரண்டு பேர் வந்து பார்த்துப் போனார்கள். ஒருவர் வீட்டுக்குள் வரவே இல்லை, லொறி வருமா என்று ஒழுங்கையை அளந்துவிட்டுப் போய்விட்டார். மற்றவர் செற்றியும் சேர்த்தா என்று கேட்டார்.

மூன்றாவதாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை, குருநகரிலிருந்து ஒரு குடும்பம் வருவதாகப் புறோக்கர் போன் எடுத்தார். கடற்றொழில் செய்கிறவர்கள், சொந்தமாக இரண்டு படகு, மகள் திருநெல்வேலியில் கம்பஸில் படிக்கிறாள் என்றார்.

"அன்ரி, வேதக்காரர். சாமியறைக் கதவைச் சாத்தி விடுங்கோ."

சாத்தினேன். ஐந்து நிமிஷத்தில் திரும்பவும் எடுத்தார். "இல்லை அன்ரி, துறந்தே விடுங்கோ. மறைக்கிற மாதிரி இருக்கும்."

பாதி திறந்து விட்டேன்.

தேவாலயத்தில் பூசை முடிந்து புறோக்கரோடு நேராக வந்திருந்தார்கள். தகப்பன் வெள்ளைச் சேட்டோடு, கதைக்காத மனிதர். மனைவி, ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண். மகள் பின்னால் நின்றாள். நான் கூடத்தைக் காட்டக் கையை நீட்டினேன். அந்தப் பெண் கூடத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா, முதல் கிணத்தைக் காட்டுங்கோ."

கிணற்றடிக்கு நாங்கள் ஒன்றுமே செய்திருக்கவில்லை. பாசி இருந்தது. வாளியின் பிடி கம்பியால் கட்டியிருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்தப் பெண் தானே கப்பியில் இழுத்து அள்ளி, கையில் ஏந்தி ஒரு மிடறு குடித்தார். பிறகு கணவருக்கும் மகளுக்கும் ஊற்றினார்.

"எங்கடை பக்கம் கிணறெல்லாம் உவர், அக்கா. குடிக்கிற தண்ணி கானிலை வாங்கிறதுதான். இது இளநி மாதிரிக் கிடக்கு."

அதன்பிறகுதான் வீட்டுக்குள் வந்தார்கள். செற்றியையும் கொய்யாப்பழத்தையும் யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பெண்ணின் கணவர் அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "வைரம் பாய்ஞ்ச பனை. இப்ப உப்பிடி மரம் இல்லை" என்றார். அன்று அவர் சொன்னது அவ்வளவுதான். மகள் கிழக்குப் பக்க அறையில் யன்னலோரம் போய் நின்று, மேசை போட இடம் இருக்கிறதா என்று கையால் அளந்தாள்.

எனக்கு அவர்களைப் பிடித்திருந்தது. பிடித்திருந்தும், "மாரியிலை பின்னறை ஒழுகும். ஓடு மாத்த வேணும்" என்று என் வாய் சொன்னது. புறோக்கர் இருமினார். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று சொன்னேனா, அவர்கள் வேண்டாம் என்று போகட்டும் என்று சொன்னேனா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்தப் பெண் சிரித்தார். "எங்கடை வீட்டிலை ஒழுகாத இடம் எதெண்டு தேடித்தான் நாங்கள் பாய் போடுறது."

போகும்போது கேற்றடியில் நின்று கேட்டார். "எங்களுக்குப் பிடிச்சிருக்கு அக்கா. நீங்கள் தருவியளோ?"

"ஓம்" என்றேன். அவர்கள் போன பிறகு என் கணவர், "இஞ்சாரும், யோசிக்காமல் ஓம் எண்டுபோட்டீரே" என்றார். யோசிக்காமல்தான் சொன்னேன்.

மறுநாள் காலை மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டார். முப்பது வருடமாகக் கறி கொடுத்து வாங்கிய உறவு.

"நேற்று வந்தவை ஆர் ஆக்கள்?"

"குருநகர். நல்ல சனம்."

"குருநகரோ?" அவர் கையில் இருந்த கறிவேப்பிலையை உருவிக்கொண்டே நின்றார். "ஊருக்குள்ளை ஆரிட்டையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது. விளங்காதது மாதிரி நின்றேன். அந்தக் கிழமை கடையில் ஒருவர் கேட்டார், கோயில் வீதியில் ஒருவர் கேட்டார். சாதி என்ற சொல்லைச் சொல்லாமல் சாதி கேட்கிற "ஆர் ஆக்கள்?" என்ற அந்த இரண்டு சொல்தான். நான் ஒருவரிடம் இன்னும் முடிவாகவில்லை என்றேன். இன்னொருவரிடம் எல்லாம் அக்காவின் முடிவு என்றேன். வாங்கப் போகிறவர்களும் மனிசர்தானே என்று ஒருவரிடமாவது நேரே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தபாற்கந்தோரில் இருந்த காலம் முழுக்க எல்லோருக்கும் ஒரே கவுண்டரில் முத்திரை விற்றவள் நான். ஆனால் கோயில் வீதியில் அந்தக் கேள்விக்கு முன்னால் என் தலை குனிந்தது.

வெள்ளிக்கிழமை காலை அக்காவின் குரல்பதிவு வந்தது. புறோக்கர் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் அதற்கு முதல்நாள்தான் அனுப்பியிருந்தேன். போனைக் காதில் வைத்தால் அழுகைச் சத்தம்.

"அம்மாவின்ரை வீடு இவ்வளவு வடிவெண்டு எனக்குத் தெரியாமல் போச்சே. எத்தினை தரம் பார்த்துப்போட்டன். விக்க வேண்டாம். நான் வந்து இருக்கப்போறன். ஆருக்கும் குடுக்காதை." கொஞ்ச நேரம் மூக்கு உறிஞ்சும் சத்தம். பிறகு, "என்ரை தையல் மெசினை ஒரு படத்திலையும் காணேல்லை. அது எங்கை?"

என் கணவர் அதைக் கேட்டுவிட்டு, "வாங்கிற ஆக்களுக்கெண்டு சோடிச்சம். விக்கிற ஆள் விழுந்திட்டா" என்றார். நான் சிரித்தேன். சிரித்த பிறகுதான் கவனித்தேன், எனக்குள் ஒரு நிம்மதி வந்திருந்தது. விற்க வேண்டியதில்லை என்ற நிம்மதி. அப்படித்தான் அப்போது அதற்குப் பெயர் வைத்தேன்.

சொன்ன சொல்லை மாற்றுவதாக இருந்தால் முகம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று கணவர் சொன்னார். அன்று பின்னேரமே பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து ஓட்டோவில் குருநகருக்குப் போனோம். ஒடுங்கிய வீடு. சுவரோடு வலைகள் குவிந்திருந்தன. எங்களைக் கண்டதும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. உறுதி எழுத நாள் குறிக்க வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். சிவப்புச் சோடா ஊற்றித் தந்தார். நான் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"தங்கச்சி, குறை நினையாதேங்கோ. கனடாவிலை இருக்கிற என்ரை அக்கா இப்ப விக்க வேண்டாம் எண்டுறா. அவவின்ரை பேரும் உறுதிப் பத்திரத்திலை இருக்கு."

அவர் முகம் மாறவில்லை. மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"ஓம் அக்கா. விளங்குது."

"இல்லை, உண்மையாய்த்தான் சொல்லுறன்."

"போன வருசம் வேறை ஒரு ஊரிலை வீடு பார்த்தனாங்கள். தாறம் எண்டவை. பிறகு லண்டனிலை இருக்கிற தம்பி மாட்டன் எண்டிட்டாராம். அதுக்கு முதல் பார்த்த வீட்டிலை அவுஸ்ரேலியாவிலை இருக்கிற மகள் மாட்டன் எண்டவவாம்." அவர் குரலில் கோபம் இல்லை. "நீங்கள் வீடு தேடி வந்து சொல்லுறியள். அவை போனிலைதான் சொன்னவை."

அவருடைய கணவர் எழுந்து வாசலுக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

நான் சொன்னது முழுக்க உண்மை, ஆனால் அது அப்படியே அவர்கள் ஏற்கெனவே இரண்டு தரம் கேட்ட பொய்யாக இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் கைப்பையிலிருந்து போனை எடுத்து அக்காவின் குரல்பதிவைப் போட்டேன். சத்தத்தையும் கூட்டினேன். அந்தச் சின்னக் கூடத்தில் அக்கா அழுதாள். மூக்கு உறிஞ்சினாள். தையல் மெசின் எங்கே என்று கேட்டாள். சொந்தச் சகோதரியின் அழுகையைச் சாட்சிக்குக் கொண்டுவந்தது போல இருந்தது.

அந்தப் பெண் கடைசிவரை கேட்டார்.

"பாவம் அந்த அக்கா" என்றார். பிறகு, "எப்ப வந்து இருக்கப்போறாவாம்?"

"தெரியாது."

"கேளுங்கோவன்."

கனடாவில் விடிந்து வேலைக்குப் புறப்படும் நேரம். வீடியோவில் அக்கா குளிர்ச்சட்டையோடு குசினியில் நின்றாள். நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் அந்தப் பெண் போனை வாங்கிக்கொண்டார்.

"அக்கா, நான்தான் வீடு பார்த்த ஆள். நீங்கள் வந்து இருந்தால் அது நல்லதுதான். எப்ப வாறியள்?"

அக்கா தடுமாறினாள். பேரப்பிள்ளை பிறக்க இருக்கிறது என்றாள். தன் கணவருக்கு வைத்தியம் நடக்கிறது என்றாள். வாற வருசம் இல்லாவிட்டால் அதற்கடுத்த வருசம் என்றாள். அந்தப் பெண் அவசரப்படுத்தவில்லை.

"உங்களுக்கு அந்த வீட்டிலை என்ன பிடிச்சது?" என்று அக்கா கேட்டாள்.

"தண்ணி, அக்கா."

பஸ் வந்துவிடும், பிறகு எடுக்கிறேன் என்று அக்கா வைத்துவிட்டாள்.

ஒன்பது நாள் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பத்தாம் நாள் ஒரு சொல் எழுதி அனுப்பியிருந்தாள்: "குடு." ஏன் மனம் மாறியது என்று கேட்டேன். "நீதானே முதலே ஓம் எண்டனீ" என்றாள். அதற்கு மேல் அவளிடமிருந்து எடுக்க முடியவில்லை. மெசினைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அக்கா அங்கிருந்து அதிகாரப் பத்திரம் அனுப்பி, நான் அவளுக்கும் சேர்த்துக் கையெழுத்து வைக்க ஏற்பாடானது. உறுதி எழுதும் நொத்தாரிசின் கந்தோரில் நானும் குருநகர்ப் பெண்ணும் ஒரு வாங்கில் அருகருகே இருந்து காத்திருந்தோம். அந்தப் பெண் என் கையைப் பிடித்துச் சொன்னார்.

"நீங்கள் மற்றவை மாதிரி இல்லை அக்கா. அண்டைக்கு நானும் பிழையாய் நினைச்சுப்போட்டன்."

நான் சொல்லியிருக்கலாம். அக்காவின் குரல்பதிவு வந்த காலையில் எனக்கு வந்த நிம்மதி, வீடு மிஞ்சியதற்காகத்தானா, அல்லது இனி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் கோயில் வீதியில் நடக்கலாம் என்பதற்காகவா என்று எனக்கே தெரியவில்லை என்று. நீங்கள் நினைத்தது முழுக்கப் பிழை என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது என்று. உள்ளே இருந்து எங்களைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து போய்க் காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்து வைத்தேன்.

இப்போது திருநெல்வேலியில் இருக்கிறோம். வீட்டுக்கு முன்னால் நாள் முழுக்கப் பஸ் சத்தம். சில நாட்களில் அந்தப் பெண் போன் எடுப்பார். மெயின் சுவிட்ச் எங்கே, குப்பை எடுக்கிற உழவு இயந்திரம் என்ன கிழமை வரும் என்று கேட்பார். போன மாதம், பக்கத்து வீட்டுக்காரி இன்னும் கதைக்கவில்லை, ஆனால் மதிலுக்கு மேலால் ஒரு நாள் வாழைப்பூப் பொத்தி தந்தவ, அதுக்கு என்ன அர்த்தம் அக்கா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். தேங்காய்ப்பூப் போட்டுச் சுண்டுங்கோ, நல்லாயிருக்கும் என்றேன்.